கணக்கில் வராத நேரம்: வங்கித் திறனளவைகள் குறித்து ஒரு வாசிப்பு

1

தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு வங்கிக் கணக்கில் என்ன வேலை என்று கேட்கலாம். பதில் தமிழிலேயே இருக்கிறது. எழுத்துகளின் வரிசைக்கு நெடுங்கணக்கு என்று பெயர். பாட்டையும் நீதியையும் தொகுத்து வைத்தபோது மேற்கணக்கு, கீழ்க்கணக்கு என்றார்கள். பாடம் சொல்லிக் கொடுத்தவர் கணக்காயர். நூலும் கணக்கும் ஒரே சொல்லுக்குள் குடியிருந்த மொழி இது. பிறகு கணக்கு கணக்கப்பிள்ளையின் கைக்குப் போனது. நாம் 'இலக்கியம்' என்று இன்னொரு சொல்லை எடுத்துக்கொண்டு தனிக்குடித்தனம் வந்துவிட்டோம். ஆனாலும் ஒரு வங்கியின் ஆண்டறிக்கை இன்றைக்கும் ஒரு பிரதிதான். அதை எழுதியவர் உண்டு, அது எதிர்பார்க்கிற வாசகர் உண்டு, சொன்னது உண்டு, சொல்லாமல் விட்டதும் உண்டு. சொல்லாமல் விட்டதைத் தேடுவது நம் தொழில்.

நான் இங்கே எடுத்துக்கொள்வது சில்லறை வங்கி. சாதாரண ஜனங்கள் பணம் போட, எடுக்க, நகையை அடகு வைக்க, பென்ஷன் வாங்க, நூறுநாள் வேலைக் கூலி வந்துவிட்டதா என்று பார்க்கப் போகிறார்களே, அந்தக் கிளை வங்கி. அதன் செயல்திறனை அளக்க நாலைந்து விகிதங்கள் உண்டு. 1991 நவம்பரில் வந்த நரசிம்மம் குழு அறிக்கைக்குப் பிறகு, நம் பொதுத்துறை வங்கிகள் பற்றிய எல்லாப் பேச்சுக்கும் நடுவில் 'திறன்' என்கிற வார்த்தை வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. 1998இல் அதே நரசிம்மம் தலைமையில் இரண்டாவது குழு. 2000-01இல் விருப்ப ஓய்வுத் திட்டம். ஏறக்குறைய ஒரு லட்சம் ஊழியர்கள் வெளியே போனார்கள். 1990களின் நடுவில் தொடங்கிப் பத்தாண்டுக்கு மேல் கிராமக் கிளைகளின் எண்ணிக்கை இறங்கியது. 2017இலும் 2020இலும் இணைப்புகள். 27 ஆக இருந்த பொதுத்துறை வங்கிகள் 12 ஆயின. இத்தனைக்கும் சொல்லப்பட்ட காரணங்களில் திறனுக்குத்தான் முதலிடம்.

இதற்கு நம் பக்கத்திலிருந்து போன பதில்கள் இரண்டே இரண்டு. தொழிற்சங்கத் தோழர்கள், "வங்கி என்பது சேவை, அதை லாபநட்டத்தால் அளக்காதே" என்றார்கள். ஃபூக்கோவைப் படித்த நண்பர்கள், "அளப்பதே அதிகாரம்" என்றார்கள். இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டு பேருமே அந்த அளவைகளைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. பார்க்காமல் நிராகரித்ததால் எதை அளப்பது, எதை விடுவது என்று தீர்மானிக்கும் உரிமையை மொத்தமாக எதிர்த்தரப்பிடம் விட்டுக்கொடுத்தோம். விட்டுப்போனதில் மிக முக்கியமானது கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்பவரின் நேரம். இந்தக் கட்டுரையின் விஷயம் அதுதான்.

2

முதலில் அவர்களது பிரதான விகிதத்தைப் பார்ப்போம். செலவு-வருவாய் விகிதம் என்கிறார்கள். வங்கியின் இயக்கச் செலவை, அதாவது சம்பளம், வாடகை, கரண்டு, கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் கூட்டி, வருமானத்தால் வகுப்பது. வருமானம் என்றால், வாங்கிய வட்டியில் கொடுத்த வட்டி போக மிச்சம், அத்துடன் 'இதர வருமானம்'. நூறு ரூபாய் சம்பாதிக்க ஐம்பது செலவானால் விகிதம் 50. நாற்பத்தைந்துக்கு இறங்கினால் திறன் கூடிவிட்டது என்று பொருள். பார்க்க எவ்வளவு சாதுவான பின்னம்!

இந்தப் பின்னத்தை இறக்க இரண்டு வழி. மேலே உள்ளதைக் குறைக்கலாம், அல்லது கீழே உள்ளதைக் கூட்டலாம். கீழே உள்ளதில் அந்த 'இதர வருமானம்' என்கிற மூட்டையை அவிழ்த்துப் பார்த்தால்தான் பிரதியின் மௌனம் பேச ஆரம்பிக்கிறது. கட்டணங்கள், கமிஷன்கள், கூடவே குறைந்தபட்ச இருப்பு வைக்காதவரிடம் பிடித்த அபராதமும் அதில் இருக்கிறது. பாரத ஸ்டேட் வங்கி 2017 ஏப்ரலில் இந்த அபராதத்தை மறுபடி கொண்டு வந்தது. அந்த வருஷம் நவம்பர் வரையிலான எட்டு மாதத்தில் வசூலானது 1,771 கோடி ரூபாய். அதே வருஷம் ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான காலாண்டில் வங்கியின் நிகர லாபம் 1,581 கோடி. ஜன்தன் மாதிரி அடிப்படைக் கணக்குகளுக்கு இந்த அபராதம் கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அப்புறம் யாரிடம் பிடித்தார்கள்? இல்லாதவர் என்று சொல்லவும் வராத, இருப்பவர் என்று சொல்லவும் முடியாத நடுவாந்திர ஜனங்களிடம். 2020 மார்ச்சில் அந்த வங்கி இதைக் கைவிட்டது. 2025இல் கனரா வங்கி, பஞ்சாப் நேஷனல் வங்கி, இந்தியன் வங்கி போன்றவையும் கைவிட்டன.

என் கேள்வி தர்மநியாயம் பற்றியது மட்டும் இல்லை. விகிதத்தின் இலக்கணம் பற்றியது. ஒருவர் கணக்கில் ஆயிரம் ரூபாய் இல்லை என்பதற்காகப் பிடித்த காசு இந்தப் பின்னத்தின் அடியில் போய்ச் சேர்ந்ததும் 'வங்கியின் திறன்' ஆகிவிடுகிறது. வேலை வேகமாகவில்லை, தப்பு குறையவில்லை, கவுண்டரில் ஒரு ஆள்கூடக் கூடவில்லை. ஒருவருடைய இல்லாமை இன்னொருவரின் திறமையாக மொழிபெயர்க்கப்படுகிறது. இதைக் கண்டுபிடிக்கப் பொருளாதாரம் படித்திருக்கத் தேவையில்லை. எழுவாய் எது, பயனிலை எது என்று கேட்கத் தெரிந்தால் போதும்.

இந்த விகிதம் விட்டுவிடுகிற இன்னொன்று வாராக்கடன். திரும்பி வராத கடனுக்காக ஒதுக்கி வைக்கிற தொகை இயக்கச் செலவில் சேராது; இயக்க லாபம் கணக்கிட்ட பிறகுதான் அது கழியும். ஆக, கடன் கொடுப்பதில் கோட்டைவிட்ட வங்கியும் இந்த அளவையில் திறமைசாலியாகத் தெரியலாம். திருக்குறளில் தெரிந்துசெயல்வகை என்று ஒரு அதிகாரம். அதன் முதல் குறள் ஒரு காரியத்தில் இறங்குமுன் மூன்றை எண்ணிப் பார்க்கச் சொல்கிறது: கையை விட்டுப் போவது, கைக்கு வருவது, அதன்பின் காலம் கடந்து கிடைக்கும் ஊதியம். நம் வங்கி விகிதம் முதல் இரண்டை எடுத்துக்கொண்டு மூன்றாவதை விட்டுவிட்டது. வள்ளுவர் எல்லாவற்றையும் அன்றே சொல்லிவிட்டார் என்று மேடைப்பேச்சு பேச இதைச் சொல்லவில்லை. காலத்தைக் கழித்துவிட்டால் கணக்கு பொய்யாகும் என்பது பழைய சங்கதி, அவ்வளவுதான்.

3

அடுத்தது, தலைக்கு எவ்வளவு வணிகம் என்கிற அளவை. வங்கியிலுள்ள வைப்புத் தொகையையும் கொடுத்த கடனையும் கூட்டி ஊழியர் எண்ணிக்கையால் வகுக்கிறார்கள். இதன்படி ஆயிரம் கோடி ரூபாயை ஒரே கம்பெனிக்குக் கொடுப்பதும், ஒரு லட்சம் பேருக்குத் தலா ஒரு லட்சமாகக் கொடுப்பதும் ஒரே வணிகம். முன்னதற்கு ஒரு குளிரூட்டிய அறையும் சில அதிகாரிகளும் போதும். பின்னதற்கு ஒரு லட்சம் விண்ணப்பம், ஒரு லட்சம் கையெழுத்து, தோட்டத்துக்குப் போய் மாட்டைப் பார்த்து வருகிற கள அதிகாரி, தவணை தப்பினால் வீடு தேடிப் போகிற ஆள் எல்லாம் வேண்டும். ஆகவே இந்த அளவை பெரிய கடனைப் பார்த்தால் சிரிக்கும், சின்னக் கடனைப் பார்த்தால் முகம் சுளிக்கும். 1991 நரசிம்மம் குழு முன்னுரிமைத் துறைகளுக்கான கடன் ஒதுக்கீட்டை 40 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகக் குறைக்கச் சொன்னது தற்செயல் இல்லை. (அரசு அதை ஏற்கவில்லை.)

பெரிய கடன்களின் கதை என்ன ஆனது? 1995-96இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கி 1,336 கோடி ரூபாய் நட்டம் காட்டியது. பிறகு, 2015இல் ரிசர்வ் வங்கி கடன்களின் தரத்தைத் தோண்டிப் பார்க்க ஆரம்பித்த பிறகு, 2018 மார்ச்சில் பொதுத்துறை வங்கிகளின் மொத்த வாராக்கடன் 8.9 லட்சம் கோடியைத் தாண்டி நின்றது. கொடுத்த கடனில் 14 சதவீதத்துக்கு மேல். கவுண்டரில் உட்கார்ந்திருந்த கிளார்க் மெதுவாக நோட்டு எண்ணியதால் வந்த நட்டம் இல்லை இது. ஆனாலும் திறன் பற்றிய பேச்சில் குற்றவாளிக் கூண்டில் முப்பது வருஷமாக நிற்பவர் அவர்தான்.

பின்னத்தின் அடியில் உள்ள 'ஊழியர்' யார் என்றும் கேட்க வேண்டும். 2006 ஜனவரியில் ரிசர்வ் வங்கி, வங்கிகள் முகவர்களை வைத்துக்கொள்ள அனுமதித்தது. பி.சி. என்று ஊரில் சொல்கிறார்களே, கையில் சின்ன மெஷினோடு பெட்டிக்கடைத் திண்ணையிலோ பஞ்சாயத்து அலுவலக வாசலிலோ உட்கார்ந்து பெருவிரல் ரேகை வாங்கிக்கொண்டு பணம் கொடுப்பவர், பல இடங்களில் ஒரு பெண். வங்கியின் சில்லறை வேலையில் பெரும்பங்கு இப்போது இவர்கள் தலையில். கமிஷன்தான் கூலி. வங்கியின் ஊழியர் பட்டியலில் இவர்கள் பெயர் கிடையாது. இவர்கள் பிடித்து வந்த கணக்குகளும் வைப்புத் தொகையும் பின்னத்தின் மேலே ஏறும். இவர்களது தலை மட்டும் கீழே எண்ணப்படாது. கூலிக்கு வந்தவர்களை நெல் மூட்டையில் எழுதிவிட்டு ஆள்கணக்கில் எழுதாமல் விட்ட பண்ணைக் கணக்கை நம் கிராமங்கள் அறியும். அதைத்தான் இப்போது மென்பொருள் எழுதுகிறது.

4

இனி நேரத்துக்கு வருகிறேன்.

பல வருஷமாக நான் போய்வரும் ஒரு கிளை. பெயர் வேண்டாம். ஆறு கவுண்டர் இருந்த ஹாலில் இப்போது இரண்டில் ஆள். மாதத்தின் முதல் வாரத்தில் பத்து மணிக்கெல்லாம் வாசல் படிவரை ஜனம். "லிங்க் இல்ல", "சர்வர் ஸ்லோ", "பாஸ்புக் மெஷின் ரிப்பேர், நாளைக்கு வாங்க" என்கிற மூன்று வாக்கியங்களை அங்கே யாரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். ஒருநாள் எனக்கு முன்னால் நின்ற ஒரு அம்மா, "இன்னிக்கு நூத்தம்பது ரூபா கேக்க வந்து ஒரு நாள் கூலியக் குடுத்துட்டுப் போறேன்" என்றார். வங்கியியல் பாடநூல்கள் பக்கம் பக்கமாகச் சொல்ல வேண்டியதை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். அந்த ஒரு நாள் கூலி செலவு. யார் ஏட்டில் எழுதப்பட்ட செலவு? எந்த ஏட்டிலும் இல்லை.

இதை வெறும் அனுதாபமாக விட்டுவிடக்கூடாது. இதற்குக் கணக்கே இருக்கிறது. கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்த எர்லாங் என்கிற டென்மார்க் கணிதக்காரர் 1909இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வரிசை பற்றிய ஒரு கணிதமே வளர்ந்தது. அதன் மிக எளிய பாடம் இது. ஒரே கவுண்டர். ஆட்கள் ஒழுங்கில்லாமல் வருகிறார்கள். ஒருவர் வேலை இரண்டு நிமிஷத்தில் முடியும், இன்னொருவருக்குப் பத்து ஆகும். சராசரி ஐந்து நிமிஷம். கவுண்டர் ஊழியர் தன் நேரத்தில் 80 சதவீதம் வேலையில் இருக்கிறார், 20 சதவீதம் சும்மா இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்போது வரிசையில் நிற்பவரின் சராசரிக் காத்திருப்பு 20 நிமிஷம். சும்மா இருக்கும் நேரத்தைப் பாதியாகக் குறைத்து அவரை 90 சதவீதம் வேலையில் வைத்தால் காத்திருப்பு 45 நிமிஷம். 95 சதவீதம் ஆக்கினால் 95 நிமிஷம். ஊழியரின் வேலைப்பளு கொஞ்சம் கொஞ்சமாக ஏற, காத்திருப்போ நெருப்புப் பற்றியது மாதிரி ஏறுகிறது.

இதையே வேறு விதமாகவும் சொல்லலாம். 80லிருந்து 95க்குப் போனதில் ஒரு வாடிக்கையாளருக்கு வங்கி செலவிடும் ஊழியர் நேரம் ஆறேகால் நிமிஷத்திலிருந்து ஐந்தேகால் நிமிஷத்துக்குச் சற்று மேலாகக் குறைகிறது. வங்கி மிச்சம் பிடித்தது ஆளுக்கு ஒரு நிமிஷம். அந்த ஆள் கூடுதலாக இழந்தது 75 நிமிஷம்.

வங்கியின் ஏட்டில் அந்த ஒரு நிமிஷம் வரவு. 75 நிமிஷம் எதிலும் இல்லை. மேலாண்மை ஆலோசகர் கையில் ஸ்டாப்வாட்சோடு வந்து, "இந்த ஊழியர் ஒரு மணிக்கு 12 நிமிஷம் சும்மா இருக்கிறார்" என்று எழுதிக்கொண்டு போவார். அவரது மூதாதை டெய்லர் 1911இல் வெளியிட்ட புத்தகத்தில், இரும்புக்கட்டி சுமந்த ஒரு தொழிலாளியை நாளைக்குப் பன்னிரண்டரை டன்னிலிருந்து நாற்பத்தேழரை டன் சுமக்க வைத்த கதையைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். கூலி மட்டும் 1.15 டாலரிலிருந்து 1.85 டாலர் ஆனது. இரும்புக்கட்டி காத்திருந்தால் அதற்கு வலிக்காது. வங்கியில் காத்திருப்பது மனுஷி. ஊழியர் 'சும்மா' இருப்பதாகத் தெரியும் அந்த 12 நிமிஷம்தான் வரிசையில் நிற்பவரின் காலுக்குக் கிடைக்கிற நிழல். இதுநாள்வரை நம் தோழர்கள் அந்த 12 நிமிஷத்தை ஊழியரின் உரிமையாக மட்டுமே வாதாடினார்கள். அது வாடிக்கையாளரின் உரிமையும்கூட என்று வாதாடியிருந்தால், கவுண்டரின் இரு பக்கமும் ஒரே பக்கம் என்று ஆகியிருக்கும். அப்படி ஆகவில்லை. 'பேங்க்காரன் வேலையே செய்யமாட்டான்' என்ற பொதுஜன எரிச்சலைத் தனியார்மயப் பேச்சு சுலபமாக அறுவடை செய்துகொண்டது.

5

அளவை ஒன்று இலக்காக மாறும்போது என்ன நடக்கும் என்பதற்கும் வங்கியே நல்ல உதாரணம். இங்கிலாந்து வங்கியின் ஆலோசகராக இருந்த சார்லஸ் குட்ஹார்ட் 1975இல் பணக்கொள்கை பற்றி எழுதும்போது, ஒரு புள்ளிவிவரத் தொடர்பைக் கட்டுப்பாட்டுக்குப் பயன்படுத்த ஆரம்பித்தால் அந்தத் தொடர்பே குலைந்துபோகும் என்ற கருத்தைச் சொன்னார். அது பின்னால் விதி என்று பெயர் பெற்றுவிட்டது.

2014 ஆகஸ்ட் 28இல் ஜன்தன் திட்டம் வந்தது. கோடிக்கணக்கில் கணக்குகள் திறக்கப்பட்டன. பூஜ்ய இருப்புக் கணக்கு எத்தனை என்பதே திட்டத்தின் வெற்றிக்கு அளவை ஆனது. மேலிடம் அந்த எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்லி நெருக்கியது. 2016 செப்டம்பரில் இந்தியன் எக்ஸ்பிரஸ் நாளிதழ், தகவல் உரிமைச் சட்டத்தின் வழியாகவும் நேரில் போயும் விசாரித்து ஒன்றை வெளியிட்டது: பல வங்கிகளில் ஊழியர்களே அந்தக் கணக்குகளில் ஆளுக்கு ஒரு ரூபாய் போட்டு வைத்திருந்தார்கள். பூஜ்யம் குறைந்தது. அந்த ஒரு ரூபாயை நான் ஒரு குறியாகவே பார்க்கிறேன். அதன் குறிப்பீடு கணக்கு வைத்திருக்கும் ஏழை அல்ல. அட்டவணையின் ஒரு கட்டம். கணக்குக்குச் சொந்தக்காரருக்குத் தன் பேரில் ஒரு ரூபாய் விழுந்தது தெரியாது, தெரிந்தும் பிரயோசனமில்லை.

இது நம்ம ஊர் வியாதி என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் வெல்ஸ் ஃபார்கோ என்ற வங்கி, ஒரு குடும்பத்துக்கு எத்தனை வங்கிப் பொருள்களை விற்றோம் என்பதைத் தன் திறனின் அடையாளமாக மேடைக்கு மேடை சொல்லி வந்தது. எட்டு என்பது இலக்கு. கிளை ஊழியர்களுக்குத் தினசரி ஒதுக்கீடு. 2016 செப்டம்பரில் விஷயம் வெடித்தது: வாடிக்கையாளருக்குத் தெரியாமலே அவர்கள் பெயரில் லட்சக்கணக்கான கணக்குகள். 18.5 கோடி டாலர் அபராதம். சுமார் 5,300 ஊழியர்கள் சில வருஷங்களில் வேலை நீக்கம். 2020 பிப்ரவரியில் அரசுடன் 300 கோடி டாலருக்கு உடன்பாடு. ஒதுக்கீட்டைத் தயாரித்தவர்கள் மேலே, அதைச் சுமந்தவர்கள் கீழே; நீக்கம் கீழேயிருந்துதான் தொடங்கியது. நம் கிளைகளிலும் கடன் கேட்டுப் போனவர் தலையில் இன்ஷூரன்ஸ் பாலிசியைக் கட்டுவதைப் பார்க்கிறோம். "சார், மாசக் கடைசி, டார்கெட்டு" என்று கெஞ்சுகிற இளம் அதிகாரியின் முகத்தில் அந்த அட்டவணையின் கட்டம் தெரிகிறது. அவர் நமக்கு எதிரியா, சக கைதியா?

6

இதுவரை படித்துவிட்டு, "பார்த்தீரா, அளப்பதே அதிகாரம் என்று நாங்கள் சொன்னது சரிதானே" என்று யாராவது முடிவுகட்டினால், அங்கேதான் எனக்குச் சண்டை. அளக்காமல் விட்டால் என்ன ஆகும்? காத்திருப்பு இருக்கத்தான் செய்யும், பார்வைக்கு வராமல் இருக்கும். காரில் வருபவருக்கு மேனேஜர் அறை உண்டு, செல்போனில் வேலை முடிப்பவருக்கு வரிசையே இல்லை. அளக்கப்படாத தாமதம் எப்போதும் கீழே இருப்பவர் தலையிலேயே போய் உட்காரும். ஆக, அளக்காமை நடுநிலையான ஒன்று கிடையாது. அதுவும் ஒரு அதிகார ஏற்பாடுதான். எண்ணப்படாமல் விடப்பட்டவர்களின் அரசியலைப் பேசுகிற நாம், எண்ணுவதையே வெறுப்பது வேடிக்கை.

வேறு விதமாக அளந்ததற்கு முன்மாதிரிகள் உண்டு. 1969 ஜூலை 19இல் 14 வங்கிகள் நாட்டுடைமை ஆயின. 1980இல் மேலும் 6. 1977இல் ரிசர்வ் வங்கி ஒரு விதி போட்டது: ஏற்கனவே வங்கி உள்ள ஊரில் ஒரு கிளை திறக்க வேண்டுமானால், வங்கியே இல்லாத ஊர்களில் நாலு கிளை திறக்க வேண்டும். 1990இல் அந்த விதி கைவிடப்பட்டது. நாட்டுடைமையிலிருந்து 1990 வரை புதிதாக வங்கி வந்த கிராமங்கள் சுமார் 30,000. இவற்றில் பல நட்டக் கிளைகள், கடனும் ஒழுங்காகத் திரும்பவில்லை என்பதெல்லாம் வாஸ்தவம். ஆனால் பர்ஜஸ், பாண்டே என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் 2005இல் வெளியிட்ட ஆய்வு, ஏட்டுக்கு வெளியே போய்ப் பார்த்தது. கிளைகள் பரவியதற்கும் கிராமப்புற வறுமை குறைந்ததற்கும் காரண உறவு உண்டு என்று அது கண்டது. இந்த முடிவை மறுத்து எழுதியவர்களும் இருக்கிறார்கள், விவாதம் நடக்கட்டும். எனக்கு முக்கியமானது அவர்கள் கேட்ட கேள்வி. கிளைக்கு என்ன லாபம் என்பதோடு நிறுத்தாமல், கிளை வந்ததால் ஊருக்கு என்ன ஆனது என்று கேட்டார்கள். அதையும் அளக்க முடிந்தது.

இன்னொன்று. கிளையைக் கிளையோடு ஒப்பிட்டு அளக்க இன்று உலகெங்கும் வங்கிகளில் புழங்கும் ஒரு கணித முறையை 1978இல் சார்ன்ஸ், கூப்பர், ரோட்ஸ் என்ற மூவர் வெளியிட்டார்கள். 1985இல் ஷெர்மன், கோல்ட் என்ற இருவர் அதை ஒரு சேமிப்பு வங்கியின் 14 கிளைகளுக்குப் பொருத்திக் காட்டினார்கள். அந்த முறையின் பிறப்பிடம் வங்கி இல்லை என்பதுதான் சுவாரசியம். அமெரிக்க அரசுப் பள்ளிகளில் ஏழைக் குழந்தைகளுக்கான ஒரு கல்வித் திட்டத்தை எப்படி மதிப்பிடுவது என்ற கேள்வியிலிருந்து அது வந்தது. லாபமே இல்லாத இடத்தில், விலைபோடவே முடியாத பலன்களை எப்படி அளப்பது? அவர்கள் செய்தது இது: பலன்கள் பல இருக்கட்டும், ஒவ்வொரு நிறுவனத்துக்கும் அதற்கு மிகவும் சாதகமான எடைகளையே கொடுத்துப் பார்ப்போம், அப்படியும் தன்னைப் போன்ற மற்றவற்றைவிடப் பின்தங்கினால்தான் குறை சொல்லலாம். எவ்வளவு கண்ணியமான முறை! மலையடிவாரக் கிளையை மவுண்ட்ரோடு கிளையோடு நிறுத்தி அவமானப்படுத்தத் தேவையில்லை.

ஆனால் எதைப் 'பலன்' என்று பட்டியலில் எழுதுகிறோம் என்பதைக் கணிதம் தீர்மானிக்காது. அதைத் தீர்மானிப்பது அரசியல். எழுதுகிறவர் கைதான் தீர்மானிக்கும்.

7

ஆகவே என் வாதம் எளிது. வங்கியின் செயல்திறனை அளக்க வேண்டும், மேம்படுத்தவும் வேண்டும். ஆனால் பட்டியலை எழுதும் கையில் நம் விரலும் இருக்க வேண்டும். குறைந்தபட்சம் நாலு விஷயங்களை நாம் கேட்கலாம்.

ஒன்று, காத்திருப்பு நேரம். எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் என்று கிளையில் எழுதிப் போடச் சொல்லி ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதலே இருக்கிறது. அந்தப் பலகையோடு நிற்காமல், உண்மையில் எவ்வளவு நேரம் ஆனது என்பதையும் எழுதட்டும். டோக்கன் மெஷின் உள்ள கிளையில் இது தானாகவே பதிவாகிற விஷயம். சராசரி மட்டும் போதாது. மாதத்தின் முதல் வாரம் தனியாக வேண்டும்.

இரண்டு, திரும்பி அனுப்பப்பட்டவர்கள். நூறுநாள் வேலைத் திட்டக் கூலி வாங்குவோரிடம் ஆந்திரம், ஜார்கண்ட், ராஜஸ்தான் மாநிலங்களில் லிப்டெக் இந்தியா குழு நடத்தி 2020இல் வெளியிட்ட ஆய்வு, ஒரே தடவையில் பணம் கையில் கிடைக்காமல் பலர் அலைவதைப் பதிவு செய்தது. 'நாளைக்கு வாங்க' என்று சொன்ன ஒவ்வொரு தடவையும் வங்கியின் ஏட்டில் ஒரு பிழையாக ஏற வேண்டும். இன்றைக்கு அது எந்த ஏட்டிலும் ஏறாத காற்று.

மூன்று, முகவர்களை ஆள்கணக்கில் சேர்ப்பது. தலைக்கு இத்தனை கோடி என்று பெருமை பேசும்போது எல்லாத் தலையையும் எண்ணிவிட்டுப் பேசட்டும்.

நாலு, அபராத வருமானத்தைத் திறன் விகிதத்திலிருந்து நீக்குவது. அபராதம் வசூலிப்பதா கூடாதா என்பது தனிச் சண்டை. வசூலித்தாலும் அதைத் திறமை என்று சொல்லக்கூடாது என்பது இந்தச் சண்டை.

இதைச் செய்ய வேண்டியவர்கள் யார்? வங்கி ஊழியர் சங்கங்கள், தங்கள் அடுத்த கோரிக்கைப் பட்டியலில் 'போதுமான ஆட்களை நியமி' என்ற வழக்கமான வரிக்குப் பக்கத்தில் அந்தக் கிளையின் காத்திருப்புக் கணக்கையும் வைக்கலாம். நாமும் செய்யலாம். மாதர் சங்கங்கள், விவசாயத் தொழிலாளர் சங்கங்கள் இருக்கிற ஊரில் ஒரு நோட்டும் பேனாவும் ஒரு கடிகாரமும் போதும்: பென்ஷன் வாரத்தில் மூன்று நாள் வாசலில் உட்கார்ந்து, யார் எத்தனை மணிக்கு உள்ளே போனார், எத்தனை மணிக்கு வெளியே வந்தார், வந்த வேலை முடிந்ததா என்று எழுதினால் ஆயிற்று. டெய்லரின் ஸ்டாப்வாட்சைத் திருப்பிப் பிடிப்பது இது. அதிகாரத்தின் கருவி என்று நாம் தூக்கி எறிந்ததைத் தரையிலிருந்து எடுத்துத் துடைத்துக்கொள்வது.

எழுத்தாளர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. தமிழில் வங்கி ஊழியர்களாக இருந்து எழுதியவர்கள் கணிசம். அவர்கள் கதைகளில் கவுண்டருக்கு அந்தப் பக்கத்து மனச்சோர்வு நிறைய வந்திருக்கிறது. இந்தப் பக்கம் நிற்பவர் பெரும்பாலும் ஒரு விண்ணப்பமாக, ஒரு கைநாட்டாக, ஒரு வேடிக்கையாக வந்து போகிறார். அவரது 75 நிமிஷம் நம் புனைவிலும் கணக்கில் வரவில்லை. ஆண்டறிக்கையைக் குற்றம் சொல்லும் நாம், நம்முடைய கணக்கையும் ஒருதரம் சரிபார்த்துக்கொள்வது நல்லது.